அண்ணனை ஏ.ஏ. மீட்டிங்குக்கு அழைத்துப்போவது எப்படி? சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். கேட்டவர் சூரமங்கலத்தில் இருக்கும் ஒரு பெண். அவருடைய அண்ணன் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி, வயது நாற்பதைத் தாண்டியவர், தினமும் குடி. மறுவாழ்வு மையத்தில் சேர்த்து, நன்றாக வெளியே வந்து, மறுபடி ஆரம்பித்துவிட்டார். டாக்டர் "ஏ.ஏ. மீட்டிங்குக்கு அனுப்புங்க" என்று சொல்லியிருக்கிறார், அதாவது குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்கு. அது சேலத்தில் எங்கே நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, தங்கை கூடப் போகலாமா, தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

இடத்தைக் கண்டுபிடிப்பது இதில் சுலபமான பாதி. ஒன்றிரண்டு போனில் முடிந்துவிடும். அவர் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்வதும், அடுத்த வாரமும் போவதும்தான் கஷ்டம். குடிநோய் சிகிச்சைப் பிரிவில் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவன் நான். துண்டுச் சீட்டில் இடத்தையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பெரும்பாலும் அந்தச் சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும். "வாங்க, நானும் அந்தப் பக்கம்தான்" என்று ஒருவர் கூட்டிப்போனால் ஆள் போய்ச் சேருவார். அதனால் எங்கே என்பதைவிட, யாரோடு, எந்த பஸ்ஸில் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் உடம்பு. இதைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர், மீட்டிங் போகும் உற்சாகத்தில் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. நிறுத்திய சில மணி நேரத்தில் வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு இல்லாத ஆள் தெரியும், பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும், ஆள் அடையாளம் குழம்பும். உயிரே போகக்கூடிய கட்டம் அது. மலையில் ராத்திரி இரண்டு மணிக்கு எஸ்டேட் வீட்டில் வலிப்பு வந்தால், 108 வந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே வந்து சேர வேண்டும். யோசித்துப் பாருங்கள். அதனால் முதலில் டாக்டர். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டுப் போட்டுப் பார்க்கலாம். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையை அவர்கள் அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அந்த ஒரு வாரம், பத்து நாள் தாண்டட்டும். ஆனால் மீட்டிங்குக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. குடித்துக்கொண்டிருப்பவரும் போகலாம்.

சரி, ஏ.ஏ. என்றால் என்ன? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஓர் அறுவை மருத்துவரும், இரண்டு பேருமே குடிநோயாளிகள், தங்களுக்குள் பேசிப் பேசியே குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டதில் தொடங்கியது. அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐத்தான் அவர்கள் பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. சேருவதற்குத் தேவை ஒன்றே ஒன்று, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை இருந்தால் போதும்.

இடையில் ஒரு சேலத்துச் சங்கதி. ஏ.ஏ. தொடங்கி இரண்டு வருடம் கழித்து, 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். ராஜாஜி மாகாணப் பிரதமராக (இன்றைய முதலமைச்சர் மாதிரி) இருந்தபோது, தான் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த ஊரிலேயே ஆரம்பித்தார். அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது. கடையை மூட வேண்டுமா என்ற வாதம் இந்த ஊரில் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. உங்கள் அண்ணனுக்கு இப்போது அந்த வாதத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். அதற்குள் ஒரு சாயங்காலத்தை அவர் எப்படிக் கடப்பது என்பதுதான் பிரச்சினை.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. "மாலை போட்டால் மட்டும் தொடவே மாட்டார், மாலையைக் கழற்றிய அன்றே கடைக்குப் போவார்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாட்களில் அவரைத் தாங்கியது எது என்று பாருங்கள். பக்தி உண்டு, விரதம் உண்டு. அதோடு, தினமும் சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம் இருந்தது. அங்கே அவரைப் போலவே விரதத்தில் இருக்கும் நாலு சாமிகள் இருந்தார்கள். நேற்றுவரை குடிகாரன் என்று கூப்பிட்ட ஊர் அவரை சாமி என்று கூப்பிட்டது. முதல் தடவை போகிறவரைக் கைபிடித்துக் கூட்டிப்போகக் குருசாமி இருந்தார். மாலையைக் கழற்றியதும் இது அத்தனையும் ஒரே நாளில் காணாமல் போகிறது. ஏ.ஏ.வில் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான், கழற்ற வேண்டிய தேதி மட்டும் கிடையாது. "வாழ்நாள் முழுக்கக் குடிக்க மாட்டேன்" என்ற சத்தியமும் அங்கே கேட்கமாட்டார்கள். இன்று ஒரு நாள் மட்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. வீட்டில் குழந்தை தலையில் அடித்து வாங்கிய சத்தியங்கள் என்ன ஆயின என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது தேடும் வேலைக்கு வருவோம். ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் உதவி எண்ணும் ஊர்வாரியான மீட்டிங் விவரமும் பார்க்கலாம். அங்கே பார்த்ததை அப்படியே நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். குழுக்கள் இடம் மாறும், நாள் மாறும், வாடகைக்கு இருந்த அறை கைவிட்டுப் போகும். எண்ணுக்குப் போன் செய்து, "இந்த வாரம் நடக்குதா, எத்தனை மணிக்கு, திறந்த மீட்டிங்கா, மூடிய மீட்டிங்கா" என்று கேட்டுவிடுங்கள் (திறந்ததற்குக் குடும்பத்தாரும் போகலாம்). இணையத்தில் சிக்கவில்லை என்றால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளரைக் கேளுங்கள். அண்ணன் இருந்த மறுவாழ்வு மையத்தையும் கேளுங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் இப்படிப்பட்ட மையங்களுக்குப் போய்ப் பேசுவது வழக்கம், அதனால் யாராவது ஒருவருடைய எண் ஆலோசகரிடம் இருக்கும். 14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 டெலி மானஸ், மனநல ஆலோசனைக்கு, தமிழிலும் பேசலாம். இரண்டும் ஏ.ஏ. அல்ல, ஆனால் சிகிச்சைக்கு வழி கேட்க உதவும்.

போனில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் "சார், என் அண்ணனுக்காகக் கேட்கிறேன்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்வீர்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, அவரைப் பேசச் சொல்லுங்க" என்பார். உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சரியான பதில் அதுதான், ஏனென்றால் குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியோடு பேசும்போதுதான் இந்த முறை வேலை செய்கிறது. அண்ணன் பேச மறுத்தால், நேரில் வந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது அவர்களிடம் பழைய வழக்கம். அண்ணன் போதையில் இல்லாத நேரமாக, காலையாகப் பார்த்துச் சொல்லுங்கள். தங்கை சொல்லி அண்ணன் கேட்பது நம் வீடுகளில் நடக்கிற காரியமா? "நானும் மூணு தடவை மையத்துக்குப் போனவன்தான் அண்ணா" என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால், குறைந்தது டீயாவது போடச் சொல்வார்.

இந்தக் கூட்டிச்செல்லும் வேலைக்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை, தொகுத்துப் பார்த்தது. சிகிச்சையாளரே முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிட்டவர்களில் ஓராண்டுக் கணக்கில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 சதவீதம். இதை மந்திரம் என்று யாரும் சொல்ல முடியாது, பாதிக்கு மேல் சறுக்கத்தான் செய்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு இது மிக நல்ல கணக்கு என்பது என் கருத்து.

எந்த மீட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது? எது நல்ல குழு என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். எதற்கு வாராவாரம் போய்த் திரும்ப முடியுமோ அதுதான் நல்ல குழு. மீட்டிங் பெரும்பாலும் சாயங்காலம் இருக்கும், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடும். முடித்துவிட்டு ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் பஸ் ஸ்டாண்டில் இரவு எட்டரை மணிக்கு, கையில் காசோடு, தனியாக நிற்பார். சுற்றிலும் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மீட்டிங் உள்ள நாள் இரவு உங்கள் வீட்டிலேயே தங்கட்டும். சாப்பாடு போட்டு, படுக்க வைத்து, காலை முதல் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய உதவிகளிலேயே பெரியது இதுதான் என்பேன். எஸ்டேட்டில் சம்பளம் போடும் நாளுக்குத் தோதாக மீட்டிங் அமைந்தால் இன்னும் விசேஷம், ஏனென்றால் பணம் கையில் இருக்கும் அந்தச் சாயங்காலத்துக்குத்தான் ஓர் இடம் தேவை.

காப்பிப் பழம் எடுக்கும் பருவத்தில், நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மேஸ்திரியால் மலையை விட்டு இறங்க முடியாது. மே மாதம் கோடை விழா சமயத்தில் வண்டி நெரிசலில் பாதையே நகராது. அந்த வாரங்களுக்குத் தமிழில் நடக்கும் ஆன்லைன் மீட்டிங் இருக்கிறது. உதவி எண்ணில் கேட்டால் இணைப்பு அனுப்புவார்கள். பெயரை மாற்றி வைத்துக்கொள்ளலாம், கேமராவை அணைத்துவிடலாம். எஸ்டேட்டில் எந்தத் திருப்பத்தில் சிக்னல் நிற்கும் என்பது அவருக்கே தெரியும், இயர்போனை மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்தால் போதும். ஆனால் ஆன்லைனை மட்டுமே நம்ப வேண்டாம். அதில் போனை அணைத்துவிட்டு எழுந்து போவது ரொம்ப எளிது. நேரில் போன இடத்தில் ஒரு நாள் வரவில்லை என்றால் "என்னாச்சு?" என்று மறுநாள் போன் வரும். புதிதாக வருகிறவர்களிடம் பழைய ஆட்கள் 90 நாளில் 90 மீட்டிங் என்பார்கள். மலையிலிருந்து அது நடக்காது. வாரம் ஒன்று நேரில், மற்ற நாட்களில் முடிந்தவரை ஆன்லைன் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கும்? நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு கெட்டிலில் டீ. கையெழுத்துப் பதிவேடு இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள். ஒருவர் மீட்டிங்கை நடத்துவார். முன்னுரை வாசிப்பார்கள், குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பகிர்வார்கள். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் ஓர் ஆண் பேசி முடிக்கும்வரை பத்துப் பேர் வாயைத் திறக்காமல் கேட்கும் இடம் வேறு எங்கே இருக்கிறது? அண்ணனுக்குப் பேச விருப்பமில்லை என்றால் "இன்னைக்குக் கேக்க வந்தேன்" என்று சொன்னால் போதும். வட்டமாக ஒரு பை வரும். அறை வாடகை, டீச் செலவு எல்லாம் அதிலிருந்துதான், வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு. புதிதாக வந்தவர் எதுவும் போட வேண்டாம். கடைசியில் எழுந்து நின்று ஒரு சின்னப் பிரார்த்தனை. யாராவது ஓராண்டு, ஐந்தாண்டு முடித்திருந்தால் அதைப் பிறந்த நாள் என்று சொல்லி கேக் வெட்டுவதும் உண்டு. முடிந்த கையோடு ஓடி வந்துவிடச் சொல்லாதீர்கள். டீ கிளாஸோடு நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் போன் நம்பர்கள் கை மாறும்.

முதல் மீட்டிங் பிடிக்காமல் போகலாம். "எல்லாரும் என்னைவிட மோசமானவங்க, நான் அந்த அளவுக்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவார். எல்லாரும் சொல்வதுதான். ஆறு தடவை போய்விட்டு முடிவு செய்யுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் கூடப் போகலாமா என்றால், திறந்த மீட்டிங்குக்குப் போகலாம், மூடிய மீட்டிங்குக்குக் கூடாது. மூடியது குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். போனால் அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அண்ணனைப் பார்த்து "கேட்டியா, அவர் சொன்னதைக் கேட்டியா" என்று பஸ்ஸில் ஆரம்பித்தால் அடுத்த வாரம் வரமாட்டார்.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? உள்ளே பார்த்தவர் என்றால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். வாசலில் பார்த்தவரைப் பற்றிச் சொல்கிறேன்: அண்ணன் சாலையோரம் விழுந்து கிடந்ததைப் பார்த்த ஊர், அவர் ஒரு ஹாலுக்குள் நடந்து போவதைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? அப்படியும் கூச்சமாக இருந்தால் ஈரோட்டில் நடக்கிறதா என்று விசாரித்து, முதல் சில வாரம் ரயிலில் போய் வரட்டும். பக்கத்து ஊரில் தொடங்கி, தைரியம் வந்ததும் சொந்த ஊருக்கு மாறுவது நடைமுறைதான்.

மீட்டிங் சர்ச் வளாகத்தில் இருந்தால் "மதம் மாத்திடுவாங்களோ" என்ற பயம் சில வீடுகளில் வரும். வாடகை குறைவு, சாயங்காலம் அறை காலி, அவ்வளவுதான் காரணம். ஏ.ஏ.வுக்கு எந்த மதத்தோடும் கட்சியோடும் தொடர்பு கிடையாது. படிகளில் கடவுள் என்று வரும், அதோடு "நாங்கள் உணர்ந்துகொண்டபடி" என்றும் சேர்ந்தே வரும். முருகனோ, சேர்வராயன் சாமியோ, அந்தோணியாரோ, அவரவர் விருப்பம். கடவுளே வேண்டாம் என்பவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். திராவிடர் கழகத்துக்கு 1944இல் அந்தப் பெயர் சூட்டப்பட்ட ஊர் இது, கறுப்புச் சட்டைக்காரர்களுக்கும் அங்கே நாற்காலி உண்டு.

கொஞ்ச நாள் போனதும் அவரை ஒரு ஸ்பான்சரைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். குருசாமி மாதிரி என்று முன்பே சொன்னதைப் பொருத்திக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது பொது வழக்கம். குடி ஆசை வரும்போது முதல் கிளாஸுக்கு முன்னால் போன் செய்ய ஓர் ஆள், அவ்வளவுதான். அவரிடம் கடன் கேட்கவோ கொடுக்கவோ வேண்டாம், குழுவுக்குள் சீட்டுப் பிடிக்கவும் வேண்டாம். நம் ஊர்ப் பழக்கம் தெரிந்ததால் சொல்கிறேன். மாத்திரை விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. "மாத்திரையும் ஒரு போதைதான், தூக்கிப் போடு" என்று எவராவது உற்சாகமாகச் சொல்லலாம். உறுப்பினர் எவரும் டாக்டர் மாதிரி மருந்து யோசனை சொல்லக் கூடாது என்று ஏ.ஏ.வே அச்சடித்துச் சொல்லியிருக்கிறது. டாக்டர் எழுதியதை டாக்டர்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரை என்றதும் இன்னொன்று. "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்" என்று சுவரில் விளம்பரம் பார்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிராம் என்ற மருந்தைச் சாப்பிட்டவர் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். உயிர் போனதும் உண்டு. டாக்டர் விளக்கி, அவர் சம்மதித்து, தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது. ரசத்தில் கலந்து கொடுத்தது தெரியவந்தால், அப்புறம் உங்கள் கையால் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்.

சறுக்கினால் என்ன? மறுபடி போக வேண்டியதுதான். யாரும் திட்டமாட்டார்கள், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். போதையோடு போய்விட்டாலும் உட்கார விடுவார்கள், அன்றைக்குப் பேச மட்டும் விடமாட்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு அவர் வர மறுத்தால், நீங்கள் போங்கள், அண்ணியையும் கூட்டிக்கொள்ளுங்கள். குடிப்பவர்களின் குடும்பத்துக்கென்று அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது, 1951இல் தொடங்கியது, பிள்ளைகளுக்கு அலட்டீன். அண்ணன் குடித்தாலும் நிறுத்தினாலும் நீங்கள் போகலாம். அவரைத் திருத்த அங்கே வழி சொல்லித்தர மாட்டார்கள். பாட்டிலை ஒளித்து வைப்பது, எஸ்டேட்டுக்குப் போன் செய்து "காய்ச்சல், இன்னைக்கு வரமாட்டார்" என்று பொய் சொல்வது, கடைக்காரர் பாக்கியைத் தீர்ப்பது, இதையெல்லாம் நிறுத்துவது எப்படி என்று அதே நிலையில் இருந்த பெண்கள் பேசிக்கொள்வார்கள். நேரில் பக்கத்தில் இல்லையென்றால் இதற்கும் ஆன்லைன் உண்டு. ஏ.ஏ. எண்ணுக்குப் போன் செய்யும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அண்ணன் எடுக்காத போனை நீங்கள் எடுப்பதில் தடை ஒன்றும் இல்லையே.